ஏற்காடு மலையேறும் மோட்டார்: பி.எம்.எஸ்.எம். சிமுலேஷன் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

சேலத்தில் எலக்ட்ரிக்கல் படிப்பவர்களும், சின்னப் பட்டறை வைத்து மின்சார ஸ்கூட்டர் வேலை பார்ப்பவர்களும் அடிக்கடி கேட்பது இது: "நிரந்தரக் காந்த சிங்க்ரனஸ் மோட்டாரை (பி.எம்.எஸ்.எம்.) கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கணும், எங்கே ஆரம்பிக்கிறது?" நான் கற்றபோது வரிசையாகச் சொல்ல ஆள் இல்லை. சமன்பாடுகள் எந்தப் புத்தகத்திலும் இருக்கின்றன. பிளாக்குகளை இழுத்துப் போட்டு இணைப்பதை வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பிளாக்குக்குள் போடவேண்டிய எண்களை எங்கிருந்து கொண்டுவருவது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. மொத்த உழைப்பில் பாதி அங்கேதான் போகும். ஆகவே இந்தக் கட்டுரையிலும் அந்தப் பகுதிதான் நீளம்.

கட்டுரை முழுக்க ஒரே உதாரணம் வைத்துக்கொள்கிறேன்: 48 வோல்ட் பேட்டரி, 8:1 கியர் குறைப்பு, இரண்டு பேர் உட்கார்ந்த ஸ்கூட்டர், அடிவாரத்திலிருந்து ஏற்காடு. மோட்டாரின் எண்கள் கணக்குக் காட்டுவதற்காக நான் வைத்தவை. உங்கள் மோட்டாருக்கு நீங்களே அளந்து போடுங்கள்.

1. முதலில் கேள்வியை ஒரு தாளில் எழுதுங்கள்

"பி.எம்.எஸ்.எம். மாடலிங்" என்பது தலைப்பு, கேள்வி கிடையாது. சிமுலேஷனிடம் என்ன கேட்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் மாடலின் ஆழம். பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

கண்ட்ரோலர் நிலையாக ஓடுமா, கரண்ட் துள்ளுமா என்பது ஒன்று. அதற்கு அரை வினாடி ஓட்டினால் போதும், ஆனால் நேரப்படி (ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் இடையிலான நேரம்) மைக்ரோவினாடி அளவில் இருக்கவேண்டும். இந்த பேட்டரி வோல்டேஜில் இந்த வேகமும் இந்த டார்க்கும் கிடைக்குமா என்பது இரண்டாவது. அதைக் கால்குலேட்டரிலேயே பார்த்துவிடலாம். மலை ஏறி முடிக்கும்போது மோட்டார் எவ்வளவு சூடாகும், பேட்டரியில் எவ்வளவு மிஞ்சும் என்பது மூன்றாவது. அதற்கு முழுப் பயணத்தையும் ஓட்டவேண்டும்.

புதியவர்கள் விழும் பள்ளம், மூன்றையும் ஒரே மாடலில் திணிப்பது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் 20 கிலோமீட்டர் மலைப்பாதை 40 நிமிடம், அதாவது 2400 வினாடி. இன்வெர்ட்டரின் (பேட்டரியின் டி.சி.யை மோட்டாருக்கு மூன்று ஃபேஸ் ஏ.சி.யாக மாற்றும் பகுதி) ஸ்விட்சிங்கோடு 1 மைக்ரோவினாடிப் படியில் ஓட்டினால் 240 கோடிப் படிகள். லேப்டாப்பின் மின்விசிறி இரவெல்லாம் கத்தும், காலையில் மெமரி நிரம்பி நின்றிருக்கும். மலைக்குத் தனி மாடல், கண்ட்ரோலருக்குத் தனி மாடல் என்று முதல் நாளே பிரித்துவிடுங்கள்.

2. காகிதங்களைச் சேர்த்த பிறகுதான் கம்ப்யூட்டரைத் திறக்கவேண்டும்

தேவையானவை: மோட்டாரின் பெயர்ப்பலகைப் புகைப்படம், டேட்டாஷீட், கண்ட்ரோலரின் கையேடு, பேட்டரியின் விவரத்தாள். விற்பவரிடம் போனில் கேட்டால் "அனுப்புறேன் சார்" என்பார்கள். மின்னஞ்சலில் கேளுங்கள். பிறகு ரிப்போர்ட்டில் இந்த எண் எங்கிருந்து வந்தது என்று காட்ட அந்த மின்னஞ்சலே ஆதாரம். மோட்டாரைப் புதிதாக வாங்கினால் ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்குங்கள். கல்லூரியில் செலவைத் திரும்பப் பெறவும், மோட்டார் பழுதானால் மாற்றவும் அது வேண்டும்.

வேறு கல்லூரியின் ஆய்வகத்திலோ தொழிற்சாலையிலோ அளக்கப் போவதாக இருந்தால், துறைத் தலைவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதமும் போனஃபைடும் எடுத்துச் செல்லுங்கள். கடிதத்தில் எந்தக் கருவி, எந்தத் தேதி, எத்தனை பேர் என்று தெளிவாக இருக்கட்டும். "ஆய்வக வசதி வேண்டி" என்று பொதுவாக எழுதிக்கொண்டு போனால் வாசலிலேயே நிற்கவேண்டியதுதான்.

டேட்டாஷீட் கைக்கு வந்ததும் நான்கு இடங்களில் பேனாவால் வட்டம் போடுங்கள். போல் (காந்த முனை) எண்ணிக்கை கொடுத்திருக்கிறார்களா, போல் ஜோடியா? கரண்ட் ஆர்.எம்.எஸ்.ஸா, உச்சமா? ரெசிஸ்டன்ஸ் ஒரு ஃபேஸுக்கா, இரண்டு முனைகளுக்கு இடையிலா? பேக் ஈ.எம்.எஃப். (சுழலும்போது மோட்டார் தானே உண்டாக்கும் வோல்டேஜ்) மாறிலி எந்த அலகில்? இவற்றில் ஒன்று மாறிப்போனாலும் மாடல் பிழை காட்டாது. அமைதியாக ஓடி, அழகான வளைகோடு வரைந்து, தவறான விடை தரும். மலிவான ஸ்கூட்டர் மோட்டார்களின் தாளில் இந்த நான்கில் குறைந்தது இரண்டு விவரம் எழுதப்படாமலே இருக்கும். அதனால்தான் அளக்கவேண்டியிருக்கிறது.

3. மென்பொருளும் செலவும்

உங்கள் கல்லூரிக்கு மேட்லேப் வளாக உரிமம் இருந்தால் கல்லூரி மின்னஞ்சலை வைத்தே உங்கள் லேப்டாப்பில் போட்டுக்கொள்ளலாம், கைக்காசு செலவில்லை. இதை நூலகத்திலோ கணினி மையத்திலோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உரிமம் இருப்பதே தெரியாமல் திருட்டுப் பதிப்பு போட்டவர்கள் இருக்கிறார்கள். உரிமம் இல்லையென்றால் 30 நாள் இலவசச் சோதனைப் பதிப்பு உண்டு. அந்த 30 நாளை அளவீடெல்லாம் முடித்த பிறகு தொடங்குங்கள்.

இலவசமாகவே முடிக்கவேண்டும் என்றால் சைலேப், ஆக்டேவ், ஓப்பன்மாடலிகா, பைத்தான் எதுவும் போதும். ஐந்து சமன்பாடுகள்தான். என்னைக் கேட்டால் முதல் மாடலை பைத்தானிலோ ஆக்டேவிலோ கையால் எழுதுங்கள். தயார் பிளாக்குக்குள் என்ன நடக்கிறது என்று அப்போதுதான் புரியும், சிமுலிங்கில் (மேட்லேப்பில் பிளாக்குகளை இணைத்து மாடல் கட்டும் பகுதி) பிறகு கட்டும்போது ஒப்பிட்டுப் பார்க்கவும் ஒன்று கையில் இருக்கும். மோட்டாரின் குறுக்குவெட்டை வரைந்து காந்தப்புலம் பார்க்க விரும்பினால் ஃபெம் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. வெளியே வாங்கிய மோட்டாரின் உள்ளளவுகள் உங்களுக்குத் தெரியாது என்பதால் பலருக்கு அது தேவைப்படாது.

கருவிகளில் காசு போகும் இடம், இண்டக்டன்ஸ் அளக்கும் எல்.சி.ஆர். மீட்டர். கையடக்கமானவை சில ஆயிரம் ரூபாயிலிருந்து கிடைக்கின்றன. இரண்டு நாள் வேலைக்கு வாங்குவதை விட, கல்லூரி ஆய்வகத்தில் கேட்டுப் பயன்படுத்துவது மேல். ட்ரூ ஆர்.எம்.எஸ். மல்டிமீட்டர் மட்டும் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ராஜெக்ட் சென்டரில் "ரெடிமேட் மாடல்" வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அப்படி வாங்கியதைத் திறந்து பார்த்திருக்கிறேன். உள்ளே இருந்தது மென்பொருளோடு வரும் உதாரணக் கோப்பு, அதே பெரிய தொழிற்சாலை மோட்டாரின் எண்களோடு. 48 வோல்ட் ஸ்கூட்டர் என்று தலைப்பு, உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட். தேர்வாளர் ஒரே ஒரு பிளாக்கை இரட்டை க்ளிக் செய்தால் கதை முடிந்தது.

4. அளவீடு: இங்கே அவசரப்படாதீர்கள்

முதலில் ஒரு பதிவுத்தாள் தயார் செய்யுங்கள். தேதி, அறை வெப்பம், மோட்டார் உடலின் வெப்பம், கருவியின் பெயர், மூன்று முனைகளுக்கும் தனித்தனி அளவு. வெப்பத்தை எழுதாத ரெசிஸ்டன்ஸ் அளவு பாதி அளவுதான்.

ரெசிஸ்டன்ஸ். ஸ்கூட்டர் மோட்டாரில் இரண்டு முனைகளுக்கு இடையில் சில பத்து மில்லி ஓம்தான் இருக்கும். சாதாரண மல்டிமீட்டரில் வைத்தால் அதன் கம்பிகளின் ரெசிஸ்டன்ஸைத்தான் படிப்பீர்கள். ஆய்வகத்தின் டி.சி. சப்ளையிலிருந்து 5 ஆம்பியர் செலுத்தி, மோட்டார் முனையிலேயே தனிக் கம்பி வைத்து மில்லிவோல்ட் பாருங்கள். 150 மில்லிவோல்ட் என்றால் 30 மில்லி ஓம். ஒரு ஃபேஸுக்கு அதில் பாதி, 15 மில்லி ஓம். உள்ளே ஸ்டாரா டெல்டாவா என்று தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். முனைகளில் அளந்ததைப் பாதியாக்கினால் சமமான ஸ்டார் மோட்டாரின் எண் வந்துவிடும், மாடலுக்கு அது போதும். கரண்ட் கொடுத்ததும் ரோட்டர் வெடுக்கென்று திரும்பும், கையை விலக்கி வையுங்கள்.

போல் ஜோடியும் காந்த ஃப்ளக்ஸும். இவை இரண்டும் ஒரே சோதனையில் கிடைக்கும். மோட்டாரை வெளியிலிருந்து சுழற்றி, திறந்த முனைகளில் வோல்டேஜையும் ஃப்ரீக்வென்சியையும் படிக்கவேண்டும். ஆய்வகத்தில் வசதி இல்லையென்றால் தெரிந்த லேத் பட்டறைக்குப் போங்கள். சக்கில் ஷாஃப்டைப் பிடித்து மெதுவான வேகத்தில் ஓட்டினால் போதும். மோட்டாரின் உடல் சுழலாதபடி கட்டுவதுதான் வேலையே, கப்ளிங் செய்யவும் உடலைக் கட்டவும் அரை நாள் ஆகும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அந்தப் பகுதிக்கு என்றைக்கு என்று முன்னாடியே பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் போனால் டீ குடித்துவிட்டுத் திரும்பலாம்.

600 ஆர்.பி.எம்.மில் 40 ஹெர்ட்ஸ் வருகிறது என்று வையுங்கள். 600 ஆர்.பி.எம். என்றால் வினாடிக்கு 10 சுற்று. 40ஐ 10ஆல் வகுத்தால் 4 போல் ஜோடி. அதே வேகத்தில் இரண்டு முனைகளுக்கு இடையில் 6 வோல்ட் ஆர்.எம்.எஸ். என்றால், 1.414ஆல் பெருக்கி 1.732ஆல் வகுக்க, ஃபேஸ் உச்சம் 4.9 வோல்ட். மின் கோணவேகம் 2 × 3.1416 × 40 = வினாடிக்கு 251 ரேடியன். 4.9ஐ 251ஆல் வகுத்தால் ஃப்ளக்ஸ் 0.0195 வெபர். இதை இரண்டு மூன்று வேகங்களில் செய்யுங்கள், எண் மாறக்கூடாது. சுழலும் மோட்டாரின் முனைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளாமல் டேப் சுற்றி வைப்பது அவசியம். சப்ளை இல்லையே என்று அலட்சியம் வேண்டாம், காந்தமே சப்ளை.

வாய்ப்பிருந்தால் ஆசிலோஸ்கோப்பில் அலைவடிவத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சைன் வடிவத்துக்கு அருகில் இருந்தால் இந்த மாடல் பொருந்தும். தலை தட்டையாக இருந்தால் உங்கள் கையில் இருப்பது பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) வகை. கடைகளில் இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்வார்கள், படம்தான் தீர்ப்பு.

இண்டக்டன்ஸ். எல்.சி.ஆர். மீட்டரை இரண்டு முனைகளில் வைத்து ரோட்டரைக் கையால் மெல்லத் திருப்புங்கள். அளவு ஏறி இறங்கும். குறைந்த அளவில் பாதி டி-அச்சுக்கு, அதிக அளவில் பாதி க்யூ-அச்சுக்கு (இந்த அச்சுகள் என்ன என்பது அடுத்த பகுதியில்). ஏற்ற இறக்கமே இல்லையென்றால் காந்தங்கள் ரோட்டரின் மேற்பரப்பில் ஒட்டப்பட்டவை, இரண்டுக்கும் ஒரே எண். நம் உதாரணத்தில் இரண்டுமே 0.1 மில்லிஹென்றி. மீட்டர் மிகச் சிறிய கரண்டில் அளக்கிறது என்பதை மறக்கவேண்டாம். மலையில் 80 ஆம்பியர் போகும்போது இரும்பு நிறைவுற்று க்யூ-இண்டக்டன்ஸ் இறங்கும். 20, 30 சதவீதம் குறைத்தும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

ரோட்டரின் நிலைமத்தை அளக்கப் பெரிதாகச் சிரமப்பட வேண்டாம். ஸ்கூட்டரின் எடையே கியர் வழியாக மோட்டார் மேல் உட்காருகிறது: 250 கிலோ × 0.22 மீட்டர் சக்கர ஆரத்தின் வர்க்கம் ÷ 8இன் வர்க்கம் = 0.19 கிலோகிராம் சதுரமீட்டர். ரோட்டரின் சொந்த நிலைமம் இதற்கு முன் தூசு. இந்த 0.19ஐப் போட மறந்தால்தான் வம்பு. கண் சிமிட்டும் நேரத்தில் முழு வேகம் எடுக்கும் அதிசய ஸ்கூட்டர் கிடைக்கும்.

5. சமன்பாடுகள்

மூன்று ஃபேஸ் அலைகளையும் ரோட்டரோடு சேர்ந்து சுழலும் இரண்டு அச்சுகளுக்கு மாற்றுகிறோம். காந்தத்தின் வட முனை பார்க்கும் திசை டி, அதிலிருந்து 90 மின் டிகிரி முன்னால் க்யூ. மாற்றியபின் நிலையான வேகத்தில் எல்லாமே நேர்கோடாகிவிடும், அதுதான் லாபம்.

டி-வோல்டேஜ் = ரெசிஸ்டன்ஸ் × டி-கரண்ட் + டி-இண்டக்டன்ஸ் × டி-கரண்டின் மாறுவீதம் − மின் கோணவேகம் × க்யூ-இண்டக்டன்ஸ் × க்யூ-கரண்ட்

க்யூ-வோல்டேஜ் = ரெசிஸ்டன்ஸ் × க்யூ-கரண்ட் + க்யூ-இண்டக்டன்ஸ் × க்யூ-கரண்டின் மாறுவீதம் + மின் கோணவேகம் × (டி-இண்டக்டன்ஸ் × டி-கரண்ட் + ஃப்ளக்ஸ்)

டார்க் = 1.5 × போல் ஜோடி × க்யூ-கரண்ட் × [ஃப்ளக்ஸ் + (டி-இண்டக்டன்ஸ் − க்யூ-இண்டக்டன்ஸ்) × டி-கரண்ட்]

நிலைமம் × வேகத்தின் மாறுவீதம் = டார்க் − சுமை டார்க் − உராய்வு

மின் கோணவேகம் = போல் ஜோடி × ஷாஃப்டின் கோணவேகம்

இரண்டு பொறிகள். முதலாவது, அந்த 1.5. மூன்று ஃபேஸிலிருந்து இரண்டு அச்சுக்கு மாற்றும்போது 2/3ஆல் பெருக்கும் வழக்கமும் உண்டு, 2/3இன் வர்க்கமூலத்தால் பெருக்கும் வழக்கமும் உண்டு. முதல் வழக்கத்தில்தான் டார்க்கில் 1.5 வரும். ஒரு புத்தகத்திலிருந்து மாற்றத்தையும் இன்னொன்றிலிருந்து டார்க்கையும் எடுத்தால் விடை தடம் மாறும். இரண்டாவது, கோணத்தின் பூஜ்யம். சில மென்பொருள்களில் கோணம் பூஜ்யமாக இருக்கும்போது ஏ-ஃபேஸின் மேல் டி-அச்சு இருக்கும், சிலவற்றில் க்யூ-அச்சு இருக்கும். சிமுலிங்கின் மோட்டார் பிளாக்கில் இதைத் தேர்ந்தெடுக்கவே ஒரு பெட்டி உண்டு. 90 டிகிரி தவறினால் கரண்ட் முழுக்கப் பாயும், மோட்டார் லேசாக அசைந்து அப்படியே நிற்கும். கண்ட்ரோலரைக் குறை சொல்லும் முன் இதைப் பாருங்கள்.

6. கட்டும் வரிசை, ஒவ்வொரு படியிலும் ஒரு சோதனை

கண்ட்ரோலர், இன்வெர்ட்டர் எதுவும் இல்லாமல் மோட்டாரை மட்டும் முதலில் கட்டுங்கள்.

வேகத்தை 600 ஆர்.பி.எம்.மில் பூட்டி, கரண்ட் பூஜ்யமாக இருக்கும்போது வோல்டேஜ் பாருங்கள். லேத்தில் அளந்த 6 வோல்ட் வரவேண்டும். வரவில்லையென்றால் மேலே போகாதீர்கள்.

அடுத்து முனைகளை ஷார்ட் செய்து 2900 ஆர்.பி.எம்.மில் ஓட்டுங்கள். டி-கரண்ட், ஃப்ளக்ஸை டி-இண்டக்டன்ஸால் வகுத்த அளவை ஒட்டி வரும். நம் உதாரணத்தில் மைனஸ் 190 ஆம்பியர் சொச்சம். இது கம்ப்யூட்டரில் மட்டும். நிஜ மோட்டாரில் செய்தால் காந்தம் பலமிழக்கலாம்.

மூன்றாவது, பவர் கணக்கு. 49 ஆம்பியர் க்யூ-கரண்டில் (மலைக்கு வேண்டிய அளவு, 8ஆம் பகுதியில் வரும்) டார்க் 5.7 நியூட்டன் மீட்டர், மணிக்கு 30 கிலோமீட்டருக்கான 2893 ஆர்.பி.எம்.மில் ஷாஃப்ட் பவர் சுமார் 1736 வாட், செம்பு இழப்பு 54 வாட். கூட்டினால் 1790. உள்ளே போகும் மின் பவரும் 1790 காட்டவேண்டும். காட்டினால் சமன்பாடுகள் சரியாக அமர்ந்துவிட்டன. கூடவே எஃபிஷியன்சி 97 சதவீதம் என்று வரும், அதை ரிப்போர்ட்டில் பெருமையாகப் போட்டுவிடாதீர்கள். இந்த மாடலில் இரும்பு இழப்பே கிடையாது. மலை மாடலில் அதைத் தனியாகக் கழிக்கவேண்டும்.

7. கரண்ட் லூப், இன்வெர்ட்டர்

பி.ஐ. கண்ட்ரோலரின் (கேட்ட கரண்டுக்கும் ஓடும் கரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தையும் அதன் கூட்டலையும் வைத்து வோல்டேஜைத் தீர்மானிப்பது) எண்களை ஊகித்துத் தேடவேண்டாம். பேண்ட்விட்த்தை நீங்கள் தேர்ந்தெடுங்கள். 10 கிலோஹெர்ட்ஸ் ஸ்விட்சிங் என்றால் 500 ஹெர்ட்ஸ் பத்திரமானது. ரேடியனில் வினாடிக்கு 3142. அதை இண்டக்டன்ஸால் பெருக்கினால் பி எண் 0.31, ரெசிஸ்டன்ஸால் பெருக்கினால் ஐ எண் 47. வேக லூப்பை இதில் பத்தில் ஒரு பங்கோ அதற்குக் கீழோ வையுங்கள்.

முதலில் இன்வெர்ட்டரை வெறும் வோல்டேஜ் மூலமாக, வரம்போடு மட்டும் வையுங்கள். நேரப்படி 50 மைக்ரோவினாடி போதும். எல்லாம் ஓடிய பிறகு ஸ்விட்ச் வையுங்கள், அப்போது படி 1 மைக்ரோவினாடி அல்லது அதற்குக் கீழ்.

வரம்பு என்றேனே, அங்கேதான் மலைப்பாதை உள்ளே வருகிறது. 30 கிலோமீட்டர் வேகத்தில் நம் மோட்டாருக்கு வேண்டிய ஃபேஸ் வோல்டேஜ் உச்சம் சுமார் 25. பேட்டரி 48 வோல்ட் இருக்கும்போது சாதாரண சைன் பி.டபிள்யூ.எம். (ஸ்விட்சுகளை வேகமாகப் போட்டு அணைத்து சைன் அலை உண்டாக்கும் முறை) தருவது அதில் பாதி, 24. போதாது. அதே ஸ்விட்சுகளை வேறு விதமாக இயக்கும் ஸ்பேஸ் வெக்டர் முறையில் 48ஐ 1.732ஆல் வகுக்க 27.7 கிடைக்கும், அது போதும். ஆனால் ஏற்றத்தில் பேட்டரி 42க்கு இறங்கினால் அதே முறையில் 24.2தான். வேகம் தானாக இறங்கும், அல்லது மைனஸ் 8 ஆம்பியர் டி-கரண்ட் கொடுத்து ஃபீல்டைத் தளர்த்தவேண்டும். எட்டே ஆம்பியரில் தீரும் சிக்கல் இது. பேட்டரியை 48 என்று பூட்டி வைத்த மாடலில் இந்தச் சிக்கல் இருப்பதே தெரியாது. வரம்பைத் தொடும்போது பி.ஐ.யின் கூட்டலை நிறுத்தும் ஏற்பாட்டையும் சேர்த்துவிடுங்கள். இல்லையேல் வளைவு தாண்டியதும் கரண்ட் எகிறும்.

8. மலைச் சுமை

அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் ஊருக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1200 மீட்டர். அடிவாரம் ஊரை விடக் கொஞ்சம் மேடுதான் என்றாலும், கணக்குக்கு 20 கிலோமீட்டரில் 1200 மீட்டர், சராசரி 6 சதவீத ஏற்றம் என்று வைத்துக்கொள்ளலாம்.

சரிவின் விசை 147 நியூட்டன், டயர் உராய்வு 37, காற்று 25. மொத்தம் 209 நியூட்டன், 1740 வாட். இதுதான் மேலே கண்ட 49 ஆம்பியர்.

வளைவில் கதை வேறு. அங்கே 12 சதவீத ஏற்றம், வேகம் 12 கிலோமீட்டர் என்று வையுங்கள். பவர் குறைகிறது, ஆனால் மோட்டார் டார்க் 9.2, கரண்ட் 79 ஆம்பியர். செம்பு இழப்பு 54இலிருந்து 140 வாட்டாகிறது, காற்று வீச்சும் இல்லாத இடத்தில். இதோடு நிற்காது. 30 டிகிரியில் அளந்த ரெசிஸ்டன்ஸ் 100 டிகிரியில் 26 சதவீதம் கூடும். நியோடிமியம் காந்தம் அதே சூட்டில் 7, 8 சதவீதம் தளரும், அதை ஈடுகட்டக் கரண்ட் கூடவேண்டும். இரண்டும் சேர்ந்தால் 140 என்பது 200ஐத் தாண்டிவிடும். ரெசிஸ்டன்ஸையும் ஃப்ளக்ஸையும் வெப்பத்தோடு மாறும்படி வைக்காத மலை மாடலால் பயனில்லை. சுற்றுப்புற வெப்பத்தையும் உயரத்தோடு மாற்றுங்கள்: ஏப்ரலில் கீழே 38, 40 டிகிரி, மேலே 30ஐத் தாண்டுவது அபூர்வம்.

பாதையின் ஏற்றத்தைப் போனில் பதிவு செய்யப் போகிறீர்களா? சனி, ஞாயிறும் மே மாதக் கோடை விழா நாட்களும் வேண்டாம். வளைவுக்கு வளைவு பஸ்ஸும் காரும் நின்று உங்கள் வேகப் பதிவு உதவாது. வார நாள், காலை நேரம். ஜி.பி.எஸ். உயரம் மேலும் கீழும் குதிக்கும். காற்றழுத்த சென்சார் உள்ள போன் என்றால் நல்லது. வினாடிக்கு வினாடி உயர வித்தியாசம் எடுத்து ஏற்றம் கணக்கிட்டால் 40 சதவீதம் என்றெல்லாம் வரும். 100 மீட்டருக்கு ஒரு புள்ளி என்று சராசரி எடுங்கள்.

கடைசிச் சோதனை: 250 கிலோவை 1200 மீட்டர் தூக்க மட்டும் 817 வாட் மணி வேண்டும். டயரும் காற்றும் சேர்த்தால் சக்கரத்தில் 1160 சொச்சம். உங்கள் சிமுலேஷன் 700 வாட் மணியில் ஏற்காடு போய்விட்டதென்றால் எங்கோ அலகு இடறுகிறது.

இறக்கத்தையும் ஓட்டிப் பாருங்கள். அதே 30 கிலோமீட்டர் வேகத்தில் 700 வாட் வரை திரும்பக் கிடைக்கும். மேலே ஹோட்டலில் முழுதாக சார்ஜ் செய்துவிட்டு இறங்கினால் பேட்டரி அதை வாங்காது, மின் பிரேக்கும் இருக்காது. மாடலில் பேட்டரி 100 சதவீதத்தில் தொடங்கும் ஓட்டம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

9. காலமும் சமர்ப்பிப்பும்

ஒரு செமஸ்டர் கையில் இருந்தால் இப்படிப் பிரியுங்கள்: காகிதங்களுக்கும் அனுமதிக்கும் இரண்டு வாரம், அளவீட்டுக்கு மூன்று வாரம், மோட்டார் மாடலுக்கும் மூன்று சோதனைகளுக்கும் இரண்டு வாரம், கண்ட்ரோலருக்கு இரண்டு, மலைக்கு இரண்டு, எழுதுவதற்கு மீதி. முதல் ரிவ்யூவில் பெரும்பாலானவர்கள் பிளாக் படம் காட்டுவார்கள். நீங்கள் அளவீட்டுப் பதிவுத்தாளைக் காட்டுங்கள். அதற்குப் பிறகு வரும் கேள்விகளின் தன்மையே மாறிவிடும்.

ரிப்போர்ட்டின் இணைப்பில் வைக்கவேண்டியவை: பெயர்ப்பலகைப் படம், பதிவுத்தாள், லேத் சோதனையின் அலைவடிவம், எல்லா எண்களும் அலகோடும் "ஃபேஸுக்கு, உச்சம்" என்ற குறிப்போடும் உள்ள ஒரு பக்க அட்டவணை, மென்பொருளின் பதிப்பு எண். எண்களை பிளாக்குகளுக்குள் நேரடியாகத் தட்டாமல் தனிக் கோப்பில் வையுங்கள், மாற்ற ஒரே இடம் போதும்.

இன்னொன்று, சிமுலிங்கின் புதிய பதிப்பில் சேமித்த கோப்பு பழைய பதிப்பில் திறக்காது. உங்கள் லேப்டாப்பில் புதியது, ஆய்வகக் கம்ப்யூட்டரில் பழையது என்பது வழக்கமான நிலைமை. வைவாவுக்கு முந்தின நாளே முந்தைய பதிப்புக்கு ஏற்றுமதி செய்த நகல் ஒன்றை எடுத்து, அந்த ஆய்வகக் கம்ப்யூட்டரிலேயே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.